இறப்பர்ப் புழுவும் கொடுவா மீனும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அக்றன் என்றொரு நகரம் இருக்கின்றது. ரயர் உற்பத்தி செய்யும் பெரிய தொழிற்சாலைகள் அங்கே இருந்தமையால் உலகின் இறப்பர்த் தலைநகர் என்று அதனை ஒருகாலத்தில் அழைத்தார்கள். எங்கள் களுத்துறையிலும் கேகாலையிலும் வெட்டிய பாலில் ஒரு பகுதி அந்த ஊர்ப் பக்கமும் போயிருக்கக்கூடும். அங்கே வாழ்ந்த நிக் கிறீம் என்ற தூண்டில் பிரியர், 1949 ஆம் ஆண்டில் தமது வீட்டுச் சமையலறை அடுப்பில் வினைலையும் எண்ணெயையும் சாயத்தையும் காய்ச்சி, மண்புழு வடிவ அச்சில் ஊற்றி ஒரு புழுவைச் செய்தார். தொட்டால் நிஜப்புழுவைப் போல வழுக்கியது. தண்ணீரில் நெளிந்தது. இன்று உலகம் முழுவதும் விற்பனையாகும் மென்பிளாஸ்ரிக் இரைகளின் கதை அந்த அடுப்படியில் இருந்துதான் ஆரம்பமாகின்றது. இறப்பர் நகரத்தில் பிறந்ததால்தானோ என்னவோ, அதில் இறப்பர் ஒரு துளியும் இல்லாதபோதும் பலர் அதனை இறப்பர்ப் புழு என்றே சொல்லிவருகின்றனர்.

அரசியல் எழுதுகின்ற ஒருவர் திடீரென்று புழுவைப் பற்றி எழுதுவது ஏன் என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். அரசியலிலும் இரை போடுவதுதானே நடக்கின்றது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் தெரியும். ஆனால் காரணம் அதுவல்ல. 2023 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரில், மாமி வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அந்த மூன்று வாரங்களில் நான்கு தடவைகள், மாமியின் மகனான மச்சானோடும் அவருடைய மகனோடும் ஒரு சிறிய அலுமினியப் படகில் ஜோர்ஜஸ் ஆற்றில் மீன்பிடிக்கச் சென்றேன். அந்தப் படகில் நான் கண்டவையும் கேட்டவையும் அன்று தொடக்கம் என் மனதில் கிடந்து புரள்கின்றன.

ஜோர்ஜஸ் ஆறு சிட்னியின் தெற்குப் புறமாக வளைந்து வளைந்து வந்து பொட்டனி விரிகுடாவில் விழுகின்றது. கடல்நீர் பல மைல் தூரம் உள்ளே ஏறி இறங்கும். இரு கரைகளிலும் கண்டல் மரங்கள். வற்றுக்காலத்தில் சேறு தெரியும், சிப்பி ஒட்டிய பாறைகள் தெரியும். ஒருகாலத்தில் சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன ஆறு அது. 1990களில் கியூ எக்ஸ் என்ற நோய் வந்து அந்தத் தொழிலை அழித்துவிட்டது. முதல்நாள் விடியற்காலையில், நீர் வற்றத் தொடங்கும் வேளையில், கண்டல் மரங்களுக்கிடையிலிருந்து சிறு வாய்க்கால்கள் ஆற்றுக்குள் இறங்குவதைக் கண்டபோது, மட்டக்களப்பு வாவியின் படுவான்கரைப் பக்கம் எங்கோ நிற்பதாக ஒரு கணம் மயங்கினேன். மச்சான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்திச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாய்க்கால்களின் வாயில்தான் வேலை நடக்கின்றது. வற்றும் நீரோடு சிறு இறால்களும் மீன்குஞ்சுகளும் வெளியே வரும். அவற்றுக்காக அடித்தரையில் மணலுக்குள் உடலைப் புதைத்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒரு மீன் காத்துக் கிடக்கும். தலையை யாரோ மிதித்துவிட்டது போலத் தட்டையாக இருப்பதனால் ஆங்கிலத்தில் அதற்கு ஃபிளாட்ஹெட் என்று பெயர். முதலையின் சாயல். செவுளின் இருபுறமும் ஊசிபோன்ற முட்கள். கையைக் கவனமாக வைக்காவிட்டால் கிழித்துவிடும். ஆனால் சதை வெள்ளை வெளேரென்று, முள் குறைவாக, சொதிக்கு வெகு பொருத்தமானது.

அதற்கு மச்சான் போடும் இரை மூன்று நான்கு அங்குல நீளத்தில் இருந்தது. மீன்குஞ்சு வடிவம், துடுப்புப் போன்ற வால். ஐந்து கிராம் அளவில் ஈயத்தை உருக்கித் தூண்டில் முள்ளின் கழுத்தில் வார்த்திருப்பார்கள். அந்த ஈயத்தலையில் பிளாஸ்ரிக் உடலை நேராகக் கோர்க்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் தண்ணீரில் சுழலும், மீன் ஏறெடுத்தும் பார்க்காது. சிறுவயதில் நாங்கள் பயன்படுத்திய தங்கூசி இங்கே முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் தையல் நூலைப்போல மெல்லிய பின்னல் நூல். அது இழுபடாது. அடியில் ஈயம் மணலைத் தொட்டால் விரலில் தெரியும், சிப்பிப் பாறையைத் தொட்டால் அதுவும் வேறாகத் தெரியும். எறிந்த பின்னர் அடிவரை தாழவிட வேண்டும். கோலின் நுனியை இரண்டு தரம் வெடுக்கென்று உயர்த்திவிட்டு மறுபடியும் தாழவிட வேண்டும். மிரண்டெழுந்த இறால் களைத்து விழுவது போல இருக்க வேண்டும். நான் ஓயாமல் கோலை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து மச்சான் சொன்னார்.

"மச்சான், ஆட்டுறதில ஒண்டும் இல்ல. விழுகிற நேரத்திலதான் எடுக்கும். விழ விடுங்க."

பதினெட்டு வருடங்களாகக் களஞ்சியசாலை ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டுகின்ற மனிதர் அவர். தொழிலிலே பேசுவதற்கு ஒன்றுமில்லை என்பார். படகில் ஏறினால் மாத்திரம் அவருடைய தகப்பனாரின் குரல் வந்துவிடுகின்றது.

அந்தத் தகப்பனார், என்னுடைய மாமா, மட்டக்களப்பு வாவியில் தோணி வலித்தவர். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மாமாவுக்கு இரண்டும் ஒன்றுதான். கொடுவாவுக்கு இரவில்தான் போவார். 1990 ஜூனில் மறுபடியும் போர் தொடங்கிய பின்னர் இரவில் தோணி இறக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. கட்டளையிட்டவர்கள் காலத்துக்குக் காலம், கரைக்குக் கரை மாறினார்கள். கட்டளை மாறவில்லை. நீரின் நடுவே கோடு கிழிக்க முடியாது என்பார்கள். வாவியின் நடுவே கிழித்தார்கள். 2007 இல் படுவான்கரையும் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வரும்வரை அந்தக் கோடு இருந்தது. மாமா அதுவரை இருக்கவில்லை. தோணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கினார். 1998 இல் நெஞ்சுவலியோடு போய்ச்சேர்ந்தார். அப்பொழுது கொழும்பில் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த எனக்கு, செய்தி மூன்று நாட்கள் பிந்தியே கிடைத்தது. மகன் அதற்கு முன்னரே அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். மாமி நாவலடியில் தனித்திருந்தார். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி அந்த ஊரையே வழித்துக்கொண்டு போன பின்னர்தான், தப்பிய ஒரு உயிராக, மகனிடம் சென்றார். சென்ற நாள் முதல் கடற்கரைப் பக்கம் போவதில்லை என்ற விரதம். ஆனால் மீன் இல்லாமல் சோறு இறங்காது.

இனி, அந்த வீட்டின் பிரச்சினைக்கு வருகின்றேன்.

மச்சானின் மகனுக்கு அப்பொழுது பத்தொன்பது வயது. பல்கலைக்கழக மாணவன். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவான். தகப்பனுக்குப் பதில் ஒரு சொல், அரைச் சொல். படகில் ஏறினால் மட்டும், எப்படியென்று தெரியவில்லை, தமிழ் வந்துவிடும். தங்கூசி, ஈயம், வத்து, பெருக்கு என்ற சொற்களையெல்லாம் தகப்பனிடமிருந்து படகிலேதான் கற்றிருக்கின்றான். அவற்றுக்கு ஆங்கிலம் என்ன என்று கேட்டால் யோசிக்கின்றான்! ஆனால் அவன் பிடிக்கும் மீன் எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிடுவான். தகப்பன் பிடிப்பதையும் விடச் சொல்லி நிற்பான். மாமிக்கு அது விளங்கவே இல்லை. "தண்ணி தந்ததத் திருப்பிக் குடுக்கிறது நல்லதில்ல மனே, பிறகு தராது" என்று என்னிடம் முறையிட்டார். ஒருநாள் தகப்பன் படகிலேயே மீனைக் கொன்றது தொடர்பாக இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, ஏழு மாதங்கள் மகன் படகில் ஏறவில்லையாம். அந்த ஏழு மாதங்களும் வீட்டில் இருவருக்கும் இடையே பேச்சும் இருக்கவில்லை. "படகு இல்லாட்டி எங்களுக்குள்ள பாசை இல்ல மச்சான்" என்று அவர் சொன்னபோது, இதனை வேடிக்கையாகச் சொல்கின்றாரா என்று திரும்பிப் பார்த்தேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சமாதானம் எப்படி ஏற்பட்டது என்பதுதான் எனக்குச் சுவையான விடயம். மகன் தகப்பனிடம் பாவபுண்ணியம் பேசவில்லை. முள்ளைப் பற்றிப் பேசினான். இறால் கோர்த்த தூண்டிலை மீன் விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ வயிற்றிலோ போய்க் குத்தும். அளவில் சிறியது என்று அதைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. முள்ளைப் பிடுங்காமல் நூலை வெட்டிவிட்டாலாவது கொஞ்சம் பிழைக்க வாய்ப்புண்டு. பிளாஸ்ரிக் இரையை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பதால், மீன் கவ்விய கணமே உதட்டில் முள் ஏறிவிடுகின்றது. விடுகின்ற மீன் பிழைக்கின்றது. இதைத் தகப்பன் தன் கண்ணால் கண்டு ஏற்றுக்கொண்டார். இறாலைக் கைவிட்டுப் பிளாஸ்ரிக்குக்கு மாறினார். பதிலுக்கு மகன், அப்பம்மாவுக்கென்று ஒரு பயணத்தில் இரண்டு மீன் மட்டும் எடுப்பதற்குச் சம்மதித்தான். எங்கள் நாட்டில் கையெழுத்தான எத்தனையோ ஒப்பந்தங்களை நான் செய்தியாக எழுதியிருக்கின்றேன். இது அவற்றைவிட நீடிக்கும் என்றே தோன்றியது.

அந்த மாநிலத்தின் சட்டமும் கடுமையானது. நியூ சவுத் வேல்ஸில் தூண்டில் போட அனுமதிப்பத்திரம் வேண்டும். நான் சென்றபோது ஆண்டுக்கு 35 டொலர். அந்தப் பணத்தைத் தனி நிதியமாக வைத்திருக்கின்றார்கள். அதிலிருந்துதான் வணிக வலைகாரருக்கு நட்டஈடு கொடுத்து, 2002 இல் பொட்டனி விரிகுடா உட்பட 30 நீர்ப்பரப்புகளைப் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கு ஒதுக்கினார்கள். வலைகாரரின் பக்கம் நின்று பார்த்தால் இது எப்படியிருந்திருக்கும் என்ற கேள்வி எனக்கு எழாமலில்லை. வாழ்வாதாரத்துக்கு வலை வீசியவன் வெளியேற, சம்பளக்காரன் சனிக்கிழமையில் தூண்டில் போடுகின்றான். நட்டஈடு கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் எங்கள் ஊர்க் கதையிலிருந்து வேறுபாடு. அது சிறிய வேறுபாடு அல்ல.

அந்தத் தட்டைத்தலை மீனுக்கு 2022 இல் புதிய விதி வந்தது. 36 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் எடுக்கக்கூடாது, 70 சென்ரிமீற்றரைத் தாண்டியதையும் எடுக்கக்கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. சிறியதை விடுவது யாருக்கும் புரியும். பெரியதை ஏன் விட வேண்டும்? பெரியவை எல்லாம் ஏறக்குறையப் பெண் மீன்கள். ஒரு பெரிய பெண் இடும் முட்டைகளுக்குப் பல சிறிய பெண் மீன்கள் ஈடாகா. எங்கள் கொடுவாவின் கதை இன்னும் விசித்திரமானது. அது ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றது. சில ஆண்டுகள் சென்று பருத்த பின்னர் பெண்ணாக மாறுகின்றது. வட அவுஸ்திரேலியாவில் அதே மீனைத்தான் பராமுண்டி என்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் 120 சென்ரிமீற்றரைத் தாண்டிய பராமுண்டியை விட்டுவிட வேண்டும் என்பது விதி. மட்டக்களப்புச் சந்தையில் ஆளுயரக் கொடுவாவைத் தூக்கிப்பிடித்து நின்றவர்களின் படங்களைப் பத்திரிகையில் நானே பிரசுரித்திருக்கின்றேன். அவை எல்லாம் தாய்மார் என்பதை மாமா அறிந்திருந்தாரா என்று மச்சானிடம் கேட்டேன். "பெரிசெல்லாம் சினை எண்டு அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? சீட்டுக்காசு கட்டணுமே" என்றார்.

நான்காம் நாள் சென்றபோது மாமிக்கு உடல்நிலை சரியில்லை. இரண்டு நாட்களாகக் கஞ்சி மட்டும்தான். புறப்படும்போது கட்டிலில் இருந்தபடியே, "இண்டைக்கு மீன் இல்லாம வராத மனே" என்று மகனுக்குச் சொன்னார். அன்று பார்த்து ஆறு மூடிக்கொண்டது. பேத்தை மீன்கள் வாலை மட்டும் கடித்துக் கடித்துத் துப்பின. ஒன்பது மணியளவில் நீர் அடிவத்தலை நெருங்கியபோது மச்சானின் கோல் வளைந்தது. துள்ளல் இல்லை. பாரமான ஒன்று மெதுவாக நகர்வது போல. பத்து நிமிடங்களுக்குப் பின்னர் மகன் இறப்பர் வலைக்கூடையை அடியில் கொடுத்து எடுத்தான். ஈரப்படுத்திய அளவுவிரிப்பில் வைத்தார்கள். 83 சென்ரிமீற்றர்.

ஆற்றில் வேறு படகு இல்லை. கரையில் ஒரு மனிதர் இல்லை. மச்சான் மீனின் வாயருகே கையை வைத்துக்கொண்டு விரிப்பின் இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொண்டான். எதையும் சொல்லக்கூடாது என்று அவன் தீர்மானித்திருந்தது தெரிந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. மாமியின் முகம் எனக்கு முன்னால் நின்றது. என்னைக் கேட்டிருந்தால், கொண்டுபோவோம் என்றே சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மச்சான் மீனைத் தூக்கிப் படகின் விளிம்புக்கு மேலாகத் தண்ணீரில் இறக்கினார். வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, செவுள் திறந்து மூடும்வரை காத்திருந்தார்.

"அப்பா, மெதுவா" என்றான் மகன்.

"தெரியும்."

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வாலை உதறிவிட்டு அது அடிக்குப் போய்விட்டது. மகன் தன் நீர்ப்போத்தலைத் திறந்து முதலில் தகப்பனிடம் நீட்டினான்.

திரும்பும் வழியில் கடையொன்றில் நிறுத்திப் பராமுண்டி வாங்கினோம். தட்டளவுப் பண்ணை மீன். மச்சானே வெட்டி, தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தார். மாமி ஒரு கரண்டியை வாயில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "கொடுவாதான். ஆனா உப்புத்தண்ணி பாக்காத கொடுவா. எங்க வாங்கின?" என்றார். எண்பத்து மூன்று வயதிலும் நாக்கு ஏமாறவில்லை. பேரன்தான் அப்பம்மாவின் அருகில் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். தமிழில் சொன்னான். இடையிடையே சொல் கிடைக்காமல் கையால் அளந்து காட்டினான். வீட்டுக்குள் அவன் அவ்வளவு நேரம் தமிழ் பேசியதை அன்றுதான் கேட்டேன். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "விசரன்" என்றார். மகனையா பேரனையா என்று சொல்லவில்லை. சொதியை முழுவதும் குடித்தார்.

இந்த இரைகளில் எனக்குப் பிடிக்காத பக்கமும் உண்டு. மீனுக்குக் கருணை காட்டும் கருவி, ஆற்றுக்குக் குப்பை. பாறையில் சிக்கி அறுந்தது, பேத்தை கடித்துத் துப்பியது எல்லாம் அடியில் கிடக்கும். உக்காது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 2013 இல் இவற்றைத் தடைசெய்யச் சட்டமூலம் ஒன்றே கொண்டுவந்தார்கள். தூண்டில்காரரின் எதிர்ப்பில் அது தடையாக நிறைவேறவில்லை. உக்கக்கூடிய வகைகளும் சந்தையில் இருக்கின்றன, விலைதான் கூட. மச்சான் கிழிந்த இரைகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டுக் கொண்டுவருவார். அதிலும் ஒரு வேடிக்கை. எல்லாம் ஒரே பிளாஸ்ரிக் அல்ல. வெவ்வேறு வகையை ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று உருக்கிக் கூழாக்கிவிடும். ஒருநாள் தகரத்தைத் திறந்து காட்டினார். பச்சையும் சிவப்புமாகக் களிம்பு.

புறப்படும்போது மருமகன் எனக்கு ஒரு பைக்கற் தந்தான். உக்கும் வகை, இறால் மணம். "மாமா, வாவியில போட்டுப் பாருங்க" என்றான். மறுவருடம் ஓகஸ்ட் மாதம் மட்டக்களப்புக்குச் சென்றபோது அதனை எடுத்துக்கொண்டு போனேன். மாமாவோடு தொழில் செய்த ஒருவர் இன்னும் இருக்கின்றார். எழுபதைக் கடந்துவிட்டார். இப்பொழுதும் தோணிதான். மாலையில் வாவிக்கரையில் அவரிடம் பைக்கற்றைக் கொடுத்தேன். பிரித்து, முகர்ந்து பார்த்து, ஒன்றை எடுத்து நசுக்கி, "தம்பி, இதுக்கு என்ன விலை?" என்று கேட்டார். இலங்கைக் காசில் சொன்னேன். சிரிக்கத் தொடங்கினார். "அந்தக் காசுக்கு ரெண்டு நாள் இறால் வாங்கலாமே" என்றார்.

ஆனாலும் ஆர்வம் விடவில்லை. என்னையும் தோணியில் ஏற்றிக்கொண்டு கண்டல் ஓரமாகப் போனார். கோல் இல்லை, ரீல் இல்லை. கைத்தூண்டிலின் தங்கூசியில் ஈயத்தலையைக் கட்டி எறிந்தார். நான் கற்றுவந்த பாடத்தைச் சொன்னேன்: ஆட்டுவதில் ஒன்றுமில்லை, விழ விடுங்கள். விழ விட்டார். இரண்டாம் எறிதலிலேயே வெடுக்கென்று ஒரு கடி. இழுத்துப் பார்த்தால் தலை இருக்கின்றது, வாலைக் காணோம்.

"பேத்தை" என்றார்.

இன்னொன்று போட்டோம். அதற்கும் அதே கதி. இருட்டத் தொடங்கிவிட்டது. மீதியைப் பேரனுக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி மடியில் செருகினார். பைக்கற்றை இறுக்கி மூடி வையுங்கள், காற்றுப் பட்டால் காய்ந்து கல்லைப்போல ஆகிவிடும் என்று எச்சரித்தேன்.

"கல்லானா நல்லதுதானே தம்பி" என்றார், சவளை எடுத்தபடி. "ஈயத்துக்குப் பதிலாக் கட்டலாம்."